கிழங்கு இலாகா

பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய செய்தி: ஓய்வுபெற்ற பொது மேலாளர் இன்று முதல் தம் வீட்டுச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இலாகாவை ஏற்றுக்கொண்டார்.

கிழங்குத் துண்டுகளை ஏர் ஃப்ரையருக்குள் போட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

"உட்கார்ந்தா எப்படி? கூடையை இழுத்துக் குலுக்குங்க" என்றாள் மனைவி.

இடது கையை நீட்டினார்.

"இடது கையால குலுக்கினா ஒரு பக்கம் கருகிடும். வலது கை!"

"அப்படின்னு மெஷினோட வந்த புத்தகத்துல போடலையே?"

"புத்தகம் எழுதினவன் என்னைக்குக் கிழங்கு சுட்டான்?"

முனகிக்கொண்டே வலது கையால் குலுக்கினார். பாதிக் கிழங்கு தரைக்குப் போனது.

"மிளகுத்தூள் எங்கே?"

"மேல் தட்டுல. அதுக்கும் வலது கைதான்."

"ஆயிரம் பேரை மேய்ச்சவன் நான்!"

"அதான் கிழங்கை நம்பி ஒப்படைச்சேன்."

தினமும் கிழங்கு வெந்தது. ஒரு மாதம் கழித்து வந்த பிசியோதெரபிஸ்ட், சமையலறையில் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"பக்கவாதம் வந்த கைம்மா அது! பந்தை அமுக்கச் சொன்னதுக்கு, 'நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னு என்னை விரட்டினவர், இப்ப தோளுக்கு மேல தூக்குறாரே! என்ன செஞ்சீங்க?"

அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, தட்டு நிறையக் கிழங்கை அவரிடம் நீட்டினாள்.

அந்த வீட்டில் யாருக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பிடிக்காது.