முதலாளியின் போன் நம்பர்

உத்தமபாளையம் கம்ப்யூட்டர் கடையில் என் பெண்டாட்டி மூக்கம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அவள் சேலையிலிருந்து ஏலக்காய் வாசம் வருகிறது. ஈஸ்வரபாண்டி முதலாளி கடையில் ஏலக்காய் தரம் பிரித்தவள், வயதாகி நின்றுவிட்டாள். அவளுக்குப் பென்ஷன் கேட்டு வந்திருக்கிறோம். எல்லாம் பதிந்தாகிவிட்டது. கடைசியாக, போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரைக் கேட்கிறது கம்ப்யூட்டர். அது மூக்கம்மாள் போனுக்கு வராது. பி.எஃப்பில் சேர்த்தபோது கடைப் பெண்கள் எல்லாருக்கும் முதலாளி தன் போன் நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறார். அவரோ இப்போது மலைமேல், ஏலத்தோட்டத்தில். மேகம் இறங்கினால் அங்கே சிக்னல் செத்துப்போகும். ஜன்னல் வழியே பார்க்கிறேன், மலையே தெரியவில்லை.

"மொதலாளி, நம்பர் வந்துச்சா?" என்று போனில் கத்துகிறேன். "மெதுவாப் பேசுங்க தாத்தா, நீங்க கத்துறது போன் இல்லாமலே மலைக்குக் கேக்கும்" என்கிறாள் கடைக்கார முனீஸ்வரி. வாய்க்குள் முதலாளியை வைகிறேன். "அவுகள வையாதீக. நாங்க அடிக்கடி சிம்மு மாத்துறோம்னுதான் அவுக நம்பரக் குடுத்தாக" என்கிறாள் மூக்கம்மாள். "ஆமா, பென்சனையும் அந்தாளே வாங்கிக்கிறட்டும்!" என்கிறேன்.

போன் கரகரக்கிறது. "வந்துருச்சுப்பா! நாலு, ஏழு..." மீதியைக் காற்று தின்கிறது. முனீஸ்வரியின் விரல் கீபோர்டுமேல் அப்படியே நிற்கிறது. திரையில் சிவப்பு எழுத்து வருகிறது. "நேரம் முடிஞ்சுருச்சு தாத்தா." வாசலில், அதே ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த அய்யம்மாள் செருப்பைக் கழற்றுகிறாள். "ஏத்தா மூக்கம்மா, எனக்கும் அந்த நம்பருதானாம்ல?"