ஏழெட்டு முடி

ஒரு மீனை ஏமாற்ற எத்தனை முடி வேண்டும், உங்களுக்குத் தெரியுமா? ஏழெட்டு போதும். தூண்டில் முள்ளில் வைத்து நூலால் இறுக்கிச் சுற்றி, கூடவே ஒரு கோழி இறகையும் சேர்த்துக் கட்டினால், தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரியே இருக்கும். மலையாற்றில் டிரவுட் மீன் பிடிக்கிற சவரிமுத்து எப்போதும் ஆட்டுமயிரில்தான் பூச்சி கட்டுவான். இந்த முறை மனைவி ரெஜினாவின் முடி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் கொத்துக் கொத்தாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. மொத்தமாய் மழித்துவிடுங்கள் என்று அவள் எவ்வளவோ கேட்டும் அவன் கத்தியைத் தொடவில்லை. கொட்டிய முடியில் பூச்சி கட்டச் சொன்னதும் அவள்தான். கட்டியவன் அதை வீசாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் நின்றான்.

"ஏங்க, மீனு மேல வந்து உங்க கையிலேர்ந்து எடுத்துக்குமா? வீசுங்க," என்றாள், பாறைமேல் போர்வையோடு உட்கார்ந்திருந்த ரெஜினா.

"அறுத்துட்டுப் போயிட்டா?"

"போகட்டுமே. வீட்ல கூட்டுனா குப்பைக்குத்தான போகுது."

வீசினான். பாறையிடுக்கிலிருந்து ஒரு மீன் எழும்பிக் கவ்விக்கொண்டு ஓடியது. ஓடுகிற டிரவுட்டுக்கு நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். அவனோ இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். நூல் அறுந்தது.

ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நூல விடு, நூல விடுன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற ஆளு!"

அவன் திரும்பாமல் அறுந்த நூலைச் சுருட்டினான்.

மறுநாள் காலை அவன் வெந்நீர் வைத்து, அவளை வாசலில் உட்காரவைத்து, தலையை மழித்துவிட்டான்.