யாரும் சாய்க்காதவள்

காய்ச்சல் விட்ட மறுவாரம் கபடி ஆட்டக்காரி செங்கமலத்தின் கால்கள் மரத்துப்போயின. பிறகு கைகளும் அசையவில்லை.

"வைரஸோட சண்டை போட்ட உங்க உடம்பு, அது போன பிறகும் அடங்கலம்மா. இப்ப உங்க நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்குது," என்றார் மருத்துவர்.

கட்டிலருகே நின்ற கணவன் வேலுச்சாமி அழுதான். அவளோ சிரித்தாள்.

"ஏன் புள்ள சிரிக்கிற?"

"இத்தனை வருஷத்துல எவளும் என்னைச் சாய்ச்சதில்ல. அதுக்கு என் உடம்பேதான் வர வேண்டியிருக்கு, பாருங்க."

மருந்து ஏறி மாதங்கள் கழிந்தன. ஒரு காலை, தன்னை எழுப்பி நிறுத்திய நர்ஸிடம், "கையை எடுங்க," என்றாள். நர்ஸ் தயங்கினார்.

"எடுங்கம்மா."

கை விலகியது. முழங்கால்கள் வெடவெடவென நடுங்கின. வேலுச்சாமி பதறி ஓடிவந்தான்.

"யாரும் தொடக்கூடாது," என்றாள் செங்கமலம், தலையை நிமிர்த்தி.