சீல் வைத்த குழம்புச் சட்டி

மூச்சுக்குழாயைத் திறந்ததும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிணத்தை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதுதான். வந்த சிரிப்பை என்ன செய்ய? மெல்லாமல் விழுங்கிய கறித்துண்டு ஒன்று, பாட்டில் மூடி மாதிரி குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மேசையில் கிடந்தவர் பாத்திரக் கடை முதலாளி. மதியம் டிவியில் காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டவர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வெளியூரிலிருந்து பிறகு வந்து சேர்ந்த அக்கா மகன், நீலம் பாரித்த முகத்தைப் பார்த்துவிட்டு, மாமாவுக்கென்று காரமில்லாமல் தனியாக வைத்த குழம்பில் விஷம் என்று வீட்டை ரெண்டாக்கினான்.

சமையல்காரம்மா இப்போது லாக்கப்பில்.

இரைப்பையையும் திறந்தாயிற்று. உள்சுவரில் புண்ணில்லை, சிவப்பில்லை, வேண்டாத வாடை இல்லை. மனுஷன் சிரிப்பில் புரையேறித்தான் போயிருக்கிறார். பாவம், அந்தம்மா பிழைத்தாள். டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த இன்ஸ்பெக்டரைத்தான் இன்றைக்கு நம்பவே முடியவில்லை. பிரேத அறை வாசலைக்கூட மிதிக்காத ஆள், காலையாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். சாவுச் சேதி வந்ததுமே முதல் ஆளாக அந்த வீட்டுக்குப் போனவர், குழம்புச் சட்டிக்குத் தன் கையாலேயே சீல் வைத்து, யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வந்திருக்கிறார். என்ன கடமை உணர்ச்சி.

"விஷமா இருந்தா எத்தனை மணி நேரத்துல வேலையைக் காட்டும், டாக்டர்?"

மூன்றாவது தடவை கேட்கிறார். ஏழைப் பொம்பளைக்காக இப்படித் துடிக்கிற போலீசை டாக்டரம்மா பார்த்ததே இல்லை. போன மாதம் அவரைக் கல்நெஞ்சன் என்று திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"விஷமெல்லாம் இல்ல சார். அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் வர, டாக்டரம்மாவின் கையுறை போட்ட கையையே பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் எதைப் பிடித்தோம் என்று பார்த்துக் குழாயடிக்கு ஓடினார்.

கழுவிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, சமையல்காரம்மாவை உடனே ஜீப்பில் கொண்டுபோய் வீட்டில் விடச் சொன்னார்.

நல்லது. இனி முறைப்படி லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. டாக்டரம்மா இரைப்பையில் இருந்ததைப் புட்டியில் அடைத்தாள். கொஞ்சம் குழம்பும் வேண்டும். சட்டியை இழுத்துச் சீலை உடைத்தாள்.

சட்டி வழித்துத் துடைத்திருந்தது. ஓரத்தில் நாலு விரல் தடம்.

டாக்டரம்மா சட்டியைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையோரம் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தாள்.

"அக்கா மகன் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதாம்மா சாப்பிட்டு முடிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.