சக்கரத்தில் சிக்கிய முடி

மங்களேஸ்வரியின் சுழல்நாற்காலி நகர மறுத்துப் பல மாதங்களாகிவிட்டன. பழைய சாமான் வண்டி வாசலுக்கு வந்ததும் மேலாளர் அதைத்தான் முதலில் கைகாட்டினார். "செத்துப்போன சேரும்மா அது. ஏத்தி விட்டுடலாம். உங்களுக்குப் பிளாஸ்டிக் சேர் போடச் சொல்றேன்."

"சாகல சார். தொண்டை அடைச்சிக் கெடக்கு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியைக் கவிழ்த்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, நின்றுபோன சக்கரத்தின் இடுக்கில் விட்டு இழுத்தாள். முதலில் அவளுடைய சுருள்முடி வந்தது. அதற்கடியில், அவளுக்கு முன் அதே நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்ற எஸ்தரின் நரைமுடி. கூடவே மல்லிகைச் சரம் கட்டிய நார். அதற்கும் அடியில், யாருடையதென்றே தெரியாத ஒரு கருமுடி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மற்ற மேசைப் பெண்களும் எழுந்து வந்து பிடித்து இழுத்தார்கள். முடி மேலாளரின் அறை வாசலைத் தாண்டிப் போயிற்று. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தான்.

நுனி வெளியே வந்ததும் சக்கரத்தை விரலால் தட்டினாள். அது சத்தமில்லாமல் சுழன்றது. நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார்."

பின்சுவரில் பாதம் ஊன்றி ஓர் உந்து உந்திவிட்டு, கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டாள்.