ரோச் வெளிச்சம்

மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் பகல். பருத்தித்துறையில், தாங்கள் வாகனம் திருத்தும் கராச்சில் சுதாகரனும் மனைவி சிவகௌரியும் ஒரு பிக்கப்பின் திறந்த பொனற்றுக்குள் குனிந்து நிற்கிறார்கள். சீனி வருத்தம் சுதாகரனின் பார்வையை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டது. அது வெளியில் தெரிந்தால் இந்தக் கராச்சுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். டர்போவுக்குப் போகும், ஓயில் கசிந்துகொண்டிருந்த குழாயை சுதாகரன் விரல்களால் தடவிப் பிடித்து, நசிந்த செப்பு வாசர் வளையத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டு இறுக்குகிறான். பிக்கப்பின் சொந்தக்காரன், மீன் வியாபாரி சிவரூபன், ஏறி என்ஜினை ஓடவிடுகிறான். பின்பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த மீன்தண்ணீர் நிலத்தில் வடிகிறது. “கசியுதோ?” என்று சுதாகரன் உதடு அசையாமல் கேட்கிறான். “இல்லையப்பா,” என்கிறாள் சிவகௌரி, அவன் காதுக்கு மட்டும். சிவரூபன் இறங்கி வருகிறான். “அண்ணை, வடிவாப் பாத்தனீங்களோ? ஓயில் நிண்டிட்டுதோ?” “நீரே பாரும் தம்பி. ஒரு சொட்டும் இல்லை,” என்று சுதாகரன் பக்கத்தில் கிடந்த ரோச்சைத் தடவி எடுத்து அடித்துக் காட்டுகிறான். வெளிச்சம் குழாயில் விழவில்லை. மற்றப் பக்கத்துப் பற்றரியில் விழுகிறது. சிவகௌரியின் கை அவன் மணிக்கட்டை நோக்கி எழுந்து பாதியில் நின்றுவிடுகிறது. சிவரூபன் அந்த வெளிச்சத்தையும் சுதாகரனின் கண்களையும் மாறி மாறிப் பார்க்கிறான். “ஓம் அண்ணை,” என்கிறான் கடைசியில், “ஒரு சொட்டும் இல்லை.” சுதாகரன் சிரிக்கிறான். சிவகௌரியும் சிவரூபனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள்.