ஏழு கப்பி மீன்கள்

மூன்றாவது மீனும் தொட்டி பில்டரின் வாயில்தான் ஒட்டிக் கிடந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள். இழுப்பு நின்றதும் மீன் தானாக நழுவிக் கூழாங்கற்களில் விழுந்தது.

பின்னால் நின்ற மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மூணு போச்சு கண்ணு. உனக்கு வர்றதையெல்லாம் வாங்கிட்டுப் போவுது.”

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கெட்ட மனசு கிடையாது. போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே மாமியார் பத்துக் கப்பி மீன்களோடு வந்து இறங்கினாள். டவுன் பஸ்ஸில், கூட்டத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு.

வீட்டில் மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்டம் அதோடு போய்விடுமாம்.

முதல் மீன் செத்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். இரண்டாவதற்கு அவள் கணவன் விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவள்தான் கேசரியைத் தொடவில்லை.

அந்த பில்டர் உள்ளங்கை அகல மீன்களுக்கு வாங்கியது. அவை போன வருஷமே போய்விட்டன, பில்டர் மட்டும் அப்படியே இருந்தது. சுண்டு விரல் நகமளவு மீன் அந்த இழுப்பில் எத்தனை நேரம் எதிர்த்து நீந்தும்?

கண்டமாவது ஒன்றாவது. அசந்த மீனை பில்டர் இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் கண் இருக்கிறது. பார்க்கத்தான் மனசில்லை.

அவள் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகச் சாகின்றன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பில்டரை நிறுத்திவிட்டால் தண்ணீர் கெடும். மீன் அப்படியும் சாகும். வாயைத்தான் மூட வேண்டும், தண்ணீர் மட்டும் போகிற மாதிரி.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் சோப்பு ஊறியிருந்தது.

பீரோவைத் திறந்தாள். ஸ்பாஞ்சு வைத்த பிரா ஒன்றை எடுத்தாள். கத்தரியை வைத்தாள்.

இடது பக்கம்.

வேண்டுமென்றேதான்.

சிரிப்பு வந்தது. ஐந்து நாளாக வராத சிரிப்பு.

சோப்புப் போடாமல் வெந்நீரில் மூன்று முறை அலசினாள். தையல் ஊசியால் நெருக்க நெருக்கத் துளை போட்டாள். பில்டரின் வாயைச் சுற்றிக் கட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

ஒரு குட்டி மீன் இழுபட்டுப் போனது. ஸ்பாஞ்சில் மூக்கு இடித்தது. வாலை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு, அது பாட்டுக்குத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை ஏழு.

ஞாயிற்றுக்கிழமையும் ஏழு.

மாமியார் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கணவன் விசிலை மறந்துவிட்டான். மீன் சாகாத வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கணவன் லேபிலிருந்து ரிசல்ட் கவரைக் கொண்டுவந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி நின்றான்.

அவள் எடுப்பதற்குள் மாமியார் கவரின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“நாளைக்குப் பிரிச்சுக்கலாம் கண்ணு. இன்னும் ஒண்ணாச்சும் போவட்டும்.”

சொல்லிக்கொண்டே இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மூன்று நாளாக அந்தக் கிழவி சும்மா சுற்றி வரவில்லை. விரல்கள் நேராக ஸ்பாஞ்சுக்குத்தான் போயின.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

கிழவியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“எனக்கு வர்றது எனக்கே வரட்டுங்க அத்தை. அதுக என்ன பாவம் பண்ணுச்சுக?”

மாமியாரின் கை தண்ணீரிலிருந்து மெல்ல வெளியே வந்தது. கவரின் மேலிருந்த கையும் விலகியது.

அவள் தீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவினாள்.

மேலே வந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஏழு.

ஈரக் கையோடு கவரின் ஓரத்தைக் கிழித்தாள்.